எல்லாரும் தள்ளாடுகிறார்கள்

கிருஷ்ணன்கோவிலுக்கு நீங்கள் போயிருக்க மாட்டீர்கள். ஆனால் கடந்து போயிருப்பீர்கள். மதுரையிலிருந்து ராஜபாளையம், தென்காசி, குற்றாலம் என்று போகிற பஸ்ஸில் கண்ணயர்ந்திருக்கும்போது, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் முன்னால் கண்டக்டர் ஒரு குரல் கொடுப்பார். காலேஜ் பிள்ளைகள் திபுதிபுவென்று இறங்குவார்கள். அங்கேயே வத்திராயிருப்புக்கு ஒரு ரோடு பிரியும். அமாவாசை, பௌர்ணமி என்றால் சதுரகிரி மலைக்குப் போகிற கூட்டம் பஸ் மாற நிற்கும். நாலு டீக்கடை, ரெண்டு ஜெராக்ஸ் கடை, பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை. அந்த ஊர்தான்.

அங்கே ஒரு கல்லூரியில் மொழிபெயர்ப்பு பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேசினேன். வழக்கம்போலப் பாதிப் பேர் கேட்டார்கள், மீதிப் பேர் செல்போனைக் கேட்டார்கள். முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். கையில் ஒரு குட்டி ஆங்கிலம்-தமிழ் அகராதி. செல்போன் காலத்தில் அகராதியைக் கையில் வைத்திருக்கிற பையனைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது.

"சார், ஒரு சின்ன டவுட். டாட்டர்னு ஒரு வார்த்தை. முதல்ல மகள்னு நினைச்சேன். ஸ்பெல்லிங் வேற. பார்த்தா, தள்ளாடுன்னு போட்டிருக்கு. ஸ்டேகர்னு பார்த்தேன், தள்ளாடு. ரீல், தள்ளாடு. லர்ச், அதுவும் தள்ளாடு. டாடில்னு ஒண்ணு, தள்ளாடி நட. ஏன் சார், வெள்ளைக்காரன் முழுநேரமும் தள்ளாடிக்கிட்டே இருந்தானா? எதுக்கு இத்தனை வார்த்தை?"

ஹால் சிரித்தது. நானும் சிரித்து, "குளிர் தேசம் தம்பி. சாயங்காலமானா கொஞ்சம் அதிகமாப் போட்டிருப்பாங்க. அனுபவத்துல கண்டுபிடிச்ச வார்த்தைகள்" என்றேன். பலத்த கைதட்டல். பையன் மட்டும் சிரிக்காமல் உட்கார்ந்தான். அவன் கேட்டதற்குப் பதில் கிடைக்கவில்லை என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும்தான். அந்தக் கைதட்டலுக்கு மறுநாள் காலையில் அதே ஊர் பஸ் ஸ்டாப்பில் நான் வட்டி கட்ட வேண்டி வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்தப் பையனுக்குப் பதில்.

*

இந்தச் சொற்களை எதிரே நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "ஏம்ப்பா தள்ளாடுறே?" ஒவ்வொன்றும் ஒவ்வொரு காரணம் சொல்லும்.

டாட்டர் என்பது பலவீனத்தின் தள்ளாட்டம். உடம்புக்குத் தன்னையே தாங்க முடியவில்லை. படுக்கையிலிருந்து பல நாள் கழித்து எழுந்த நோயாளி, கைத்தடியோடு வாசலுக்கு வரும் பாட்டி, அஸ்திவாரம் அரித்துப்போன மதில், பெரும்பான்மை இழந்த மந்திரிசபை, எல்லாரும் டாட்டர்தான். எப்போது விழுவாரோ என்ற பயம் அந்தச் சொல்லோடு சேர்ந்தே வருகிறது.

ஸ்டேகர் அப்படியில்லை. நன்றாக இருந்த ஆள்தான். அவர்மேல் ஏதோ வந்து மோதியிருக்கிறது, அல்லது ஏறியிருக்கிறது. முகத்தில் குத்து வாங்கிய பாக்ஸர், முதுகில் நூறு கிலோ மூட்டையோடு லாரியிலிருந்து இறங்கும் தொழிலாளி, வீட்டிலிருந்து வந்த போனைக் கேட்டுவிட்டுச் சுவரைப் பிடிக்கிறவர். சாராயமும் இந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் பட்டியலில் ஒன்று, அவ்வளவுதான்.

லர்ச் கப்பல்காரர்களிடமிருந்து வந்த சொல். கடலில் போகிற கப்பல் திடீரென்று ஒரு பக்கம் சாய்வதற்கு அவர்கள் வைத்த பெயர். பிறகு மனிதர்களுக்கும் பஸ்ஸுக்கும் வந்தது. டவுன் பஸ் டிரைவர் பிரேக் போட்டதும் நீங்கள் பக்கத்து சீட்காரர் மடியில் போய் விழுகிறீர்களே, அந்த ஒரு வீச்சு. ஒரே தடவை, எதிர்பாராமல்.

ரீல் என்றால் சுற்றல். நூல் சுற்றும் கருவியின் பெயர்தான் வினையானது. ராஜபாளையம் பக்கத்தில் இதை விளக்கவே வேண்டாம். நூற்பாலையில் வேலை பார்த்தவர்களுக்கு ரீலிங் செக்‌ஷன் தெரியும், நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றுகிற இடம். தலைக்குள் அந்த மெஷின் ஓடினால் எப்படி இருக்கும்? அந்த நடைதான் ரீல். நாமும் "தலை சுத்துது" என்றுதான் சொல்கிறோம்.

டாடில் குழந்தைக்கு உரியது. புதிதாக நடக்கப் பழகும் குழந்தையை டாட்லர் என்று அழைப்பது இதிலிருந்து வந்தது. கிழவருக்கு இதைப் போட்டால் கிண்டல்.

ஆக, ஆங்கிலக்காரர் வினைச்சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போதே ஆள் ஏன் ஆடுகிறார் என்பதையும் முக்கால்வாசி சொல்லிவிடுகிறார். நம் குட்டி அகராதி அந்தக் காரணத்தையெல்லாம் வெளியில் நிறுத்திவிட்டு, ஆட்டத்தை மட்டும் உள்ளே விடுகிறது.

அகராதியை முழுதாகத் திட்டவும் மனம் வரவில்லை. ஏனென்றால் தள்ளாடு என்பது லேசான சொல் அல்ல. அதைப் பிரித்துப் பாருங்கள். தள்ளு, ஆடு. இப்போது ஒரு வேடிக்கை. ஸ்டேகர் என்ற சொல்லின் பூர்வீகம் பழைய ஸ்காண்டிநேவிய மொழி. அங்கே அதன் மூல அர்த்தம் தள்ளு. டாட்டர் என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் முதலில் இருந்த அர்த்தம் ஊசலாடு. ஒருத்தர் தள்ளினார், இன்னொருத்தர் ஆடினார். நாம் ரெண்டையும் ஒரே சொல்லில் கட்டி வைத்திருக்கிறோம். நமக்கும் நார்வேக்காரருக்கும் இதில் உறவு எதுவும் கிடையாது. மனித உடம்பு எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் விழுகிறது, அதனால் வந்த ஒற்றுமை.

*

"அப்போ தமிழில் ஒரே சொல்தானா?" என்று நீங்கள் கேட்டால், உங்கள் வீட்டுக்குள்ளேயே பதில் இருக்கிறது.

ஒரு வயதுக் குழந்தை நடந்தால் பாட்டி தள்ளாடுகிறது என்றா சொல்கிறார்? "தத்தக்கா பித்தக்கான்னு நடக்குது பாரு" என்கிறார். எழுதுகிறவர்கள் தத்தித் தத்தி என்பார்கள். முள் குத்தினவர் கெந்திக் கெந்தி வருகிறார். முட்டி தேய்ந்தவர் தாங்கித் தாங்கி நடக்கிறார். ஒரு கால் குட்டையானவர் விந்தி விந்தி வருகிறார். இருட்டில் வருகிறவர் தட்டுத் தடுமாறி. வெயிலில் வந்தவருக்குக் கிறுகிறுவென்று வருகிறது. காய்ச்சல்காரருக்குக் கால் பின்னுகிறது. சதுரகிரி ஏறி இறங்கினவர்களை மறுநாள் கேளுங்கள். "தொடை ரெண்டும் வெடவெடங்குது, கால் நிக்க மாட்டேங்குது" என்பார்கள். கல்யாண வீட்டுக்குச் சாப்பாட்டு நேரத்துக்கு வருகிறவர் மட்டும் ஆடி அசைந்து வருவார். அவருக்கு ஒரு நோயும் இல்லை.

கவனித்தீர்களா? ஆங்கிலம் தனித்தனி வினை வைத்திருக்கிற இடத்தில் நாம் சொல்லை இரட்டித்து வைத்திருக்கிறோம். நடையே ரெண்டு காலின் வேலை. ஒன்று விட்டு ஒன்று. தாங்கித் தாங்கி என்று சொல்லும்போதே ஒரு கால் வலிப்பது காதில் கேட்கிறது. நம்மிடம் கடை நிறையச் சரக்கு இருக்கிறது. அகராதிக்குள் வராததால் மொழிபெயர்ப்பாளர் கைக்கு வரவில்லை.

தள்ளு என்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. தள்ளாத வயசு என்கிறோம். தள்ளாமை என்கிறோம். இது கீழே தள்ளுவது அல்ல. முடிவது, இயலுவது. "முன்ன மாதிரி உடம்பு தள்ளல" என்று பெரியவர்கள் சொல்வார்களே, அதில் குடியும் இல்லை, கேலியும் இல்லை. உடம்பு ஒத்துழைக்கவில்லை என்ற செய்தி மட்டும்தான். இந்த வாக்கியத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் வேண்டியிருக்கும்.

*

இனி மொழிபெயர்ப்புக்கு வருவோம். அன்று கூட்டத்தில் நான் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இதுதான்.

ஆங்கிலக் கதையில் ஒருவன் அறைக்குள் ஸ்டேகர் ஆகி வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் அந்த வினையையும் 'இன்டு' என்ற குட்டிச் சொல்லையும் சேர்த்தால் போதும், ஆள் வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிடுவான். நம்மவர் மொழிபெயர்க்கிறார்: "அவன் அறைக்குள் தள்ளாடினான்." படித்துப் பாருங்கள். அவன் ஏற்கெனவே அறைக்குள்தான் இருக்கிறான், அங்கே நின்று ஆடிக்கொண்டிருக்கிறான். வெளியிலிருந்து வந்த செய்தி காணாமல் போய்விட்டது. அடுத்த வரியில் மனைவி "எப்போ வந்தீங்க?" என்று கேட்டால் வாசகருக்குக் குழப்பம்.

இது சொல் தெரியாத தப்பு அல்ல, வாக்கியத்தின் எலும்புக்கூடு தெரியாத தப்பு. லென்னர்டு டால்மி என்ற அமெரிக்க மொழியியலாளர் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். ஆங்கிலம் போன்ற மொழிகள் எப்படி நகர்ந்தான் என்பதை வினையில் வைக்கும், எங்கே நகர்ந்தான் என்பதைக் குட்டிச் சொல்லில் வைக்கும். இன்னொரு வகை மொழிகள் எங்கே என்பதை வினையில் வைக்கும். நுழை, வெளியேறு, ஏறு, இறங்கு, கட. எப்படி என்பதைத் தனியாகப் பக்கத்தில் சேர்க்கும். டால்மி தமிழை இந்த இரண்டாவது வகையில்தான் வைத்திருக்கிறார்.

டால்மியைப் படிக்காமலே நம் ஊர்க்காரர்கள் இதைச் சரியாகச் செய்கிறார்கள். "சுவத்தப் புடிச்சுப் புடிச்சு உள்ள வந்தாரு" என்பார் பக்கத்து வீட்டு அம்மா. வந்தாரு என்பதில் திசை. புடிச்சுப் புடிச்சு என்பதில் நடை. ஆங்கிலம் ஒரே வினையில் சொன்னதைத் தமிழில் ரெண்டாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். பிரிக்காவிட்டால் ஆள் வாசலிலேயே மாட்டிக்கொள்வான். செல்போனில் இருக்கிற மொழிபெயர்ப்புச் செயலி சில சமயம் இதைச் சரியாகப் போட்டுவிடுகிறது. மனிதர்கள் அகராதியைத் திறந்து தப்பாகப் போடுகிறோம். இதற்காக வெட்கப்படலாம்.

அடுத்த பள்ளம், நடையே இல்லாத இடத்தில் வரும் ஸ்டேகர். ஒரு செய்தியைக் கேட்டு ஒருவர் ஸ்டேகர் ஆனார் என்றால் அவர் எழுந்து நடக்கவே இல்லை, நாற்காலியில்தான் இருக்கிறார். தமிழில் அவர் ஆடிப்போய்விட்டார். எவ்வளவு அழகான சொல் பாருங்கள், உள்ளுக்குள் ஆட்டம். ஏதாவது கணக்கு ஸ்டேகரிங் என்றால் அது மலைக்க வைக்கும் கணக்கு. "தள்ளாட வைக்கும் தொகை" என்று எழுதினால், வாசகர் அது எந்தக் கடையின் வசூல் என்று யோசிப்பார்.

இன்னொன்றும் இருக்கிறது. ஆபீஸ் நேரத்தை, பள்ளி நேரத்தை ஸ்டேகர் செய்வார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் ரோட்டுக்கு வராமல், ஒரு கூட்டம் எட்டு மணி, இன்னொன்று ஒன்பது, மற்றொன்று பத்து. இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று தலையைச் சொறிய வேண்டாம். தள்ளித் தள்ளி வைப்பது. அதே தள்ளு! 400 மீட்டர் ஓட்டத்தில் ஓடுகிறவர்களை ஒருத்தருக்கு முன்னால் ஒருத்தர் தள்ளித் தள்ளி நிறுத்துகிறார்களே, அதற்கும் ஸ்டேகர் என்றுதான் பெயர். வெளி வட்டம் பெரிது என்பதால் இரண்டாவது லேன்காரர் முதல் லேன்காரருக்கு 7.04 மீட்டர் முன்னால் நிற்பார். பார்க்கக் கோணல், கணக்கில் நியாயம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ரயில்வே ஸ்டேகர். மின்சார ரயில் பாதையில் மேலே ஓடும் கம்பியைக் கவனித்தால், தண்டவாளம் நேராகப் போனாலும் கம்பி நேராகப் போகாது. நடுக்கோட்டிலிருந்து இந்தப் பக்கம் 20 சென்டிமீட்டர் வரை, அந்தப் பக்கம் 20 சென்டிமீட்டர் வரை என்று மாறி மாறி வளைத்துக் கட்டியிருப்பார்கள். காரணம்? கம்பி ஒரே நேராகப் போனால், எஞ்சின் தலையில் இருக்கிற பாண்டோகிராஃப் ஒரே இடத்தில் உரசி உரசிப் பள்ளமாகிவிடும். கம்பி கொஞ்சம் தள்ளாடினால் தேய்மானம் சமமாகப் பரவும். அந்தத் தள்ளாட்டம் இல்லாவிட்டால் வண்டி ரொம்ப நாள் ஓடாது.

*

அன்று சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். பால்கோவா ஒரு காரணம். பெரியாழ்வார் இன்னொரு காரணம்.

தள்ளாடும் நடையைப் பற்றித் தமிழில் யார் நன்றாக எழுதினார்கள் என்று கேட்டால், நான் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கிருஷ்ணன்கோவிலிலிருந்து டவுன் பஸ் டிக்கெட் தூரம்தான். பெரியாழ்வார் திருமொழியில் முதற்பத்தின் ஏழாம் திருமொழி முழுக்க ஒரே விஷயம்: குட்டிக் கண்ணன் நடை பழகுகிறான். அதற்கு உரைகாரர்களும் பதிப்பாளர்களும் தரும் பெயர் தளர்நடைப் பருவம். தளர்ந்த நடை, தளர்நடை. அந்தச் சொல்லில் பலவீனம் இருக்கிறது, ஆனால் கேவலம் இல்லை. யானை சங்கிலி சத்தமிட, மணி ஒலிக்க அசைந்து வருவதையும் குழந்தை சதங்கை ஒலிக்க அசைந்து வருவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். யோசித்துப் பாருங்கள். ஊரிலேயே கனமான நடையையும் ஊரிலேயே லேசான நடையையும் ஒன்றாகப் பார்த்திருக்கிறார். கோயில் யானையையும் வீட்டுக் குழந்தையையும் தினமும் பார்த்தவருக்குத்தான் இது தோன்றும்.

அவருக்கும் முந்தின பாண்டியன் அறிவுடை நம்பி, புறநானூற்றின் 188-ஆம் பாட்டில், சாப்பாட்டுத் தட்டுக்குள் கையை விட வரும் குழந்தையின் நடையை ஒரே ஓர் இரட்டைச் சொல்லில் முடித்துவிடுகிறார். அரசன், ஆனாலும் வீட்டில் குழந்தை நடப்பதைக் கவனித்திருக்கிறார்.

இந்தக் கவனிப்பை இப்போது விஞ்ஞானிகள் செய்கிறார்கள். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் காரென் அடால்ஃப் குழுவினர் 2012-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். ஒரு வயதிலிருந்து ஒன்றரை வயதைத் தாண்டும் வரையுள்ள குழந்தைகளை விளையாட விட்டு எண்ணினார்கள். சராசரியாக மணிக்கு 2,368 அடி. 17 தடவை விழுதல். ஒரு மணி நேரத்தில் பதினேழு! நீங்களும் நானும் இப்படித்தான் நடக்கக் கற்றோம். அந்தப் பதினேழு தடவையும் யாரோ ஒருத்தர் கைதட்டி "எந்திரி, எந்திரி" என்று சிரித்திருக்கிறார்கள். குழந்தை தள்ளாடினால் நமக்குக் காரணம் தெரியும். அதனால் சிரிப்பிலும் பிரியம் இருக்கிறது.

பெரியவர் தள்ளாடினால்?

இங்கேதான் நம் சொல்லுக்கு ஏதோ ஆகிவிட்டது. செய்தித்தாளில், மேடையில், சினிமாவில் தள்ளாட்டம் என்றாலே குடி. 2003 நவம்பரில் டாஸ்மாக் சில்லறை விற்பனைக்கு வந்த பிறகு, தலைப்பு போடுகிறவர்களுக்கு இந்தச் சொல் வசதியாகப் போயிற்று. தள்ளாடும் தமிழகம், தள்ளாடும் இளைஞர்கள் என்று எத்தனை தலைப்பு படித்திருப்பீர்கள். சினிமாவில் தள்ளாடி வருகிறவர் ஒன்று காமெடியன், இல்லாவிட்டால் காதலில் தோற்றவர். ரெண்டு பேர் கையிலும் பாட்டில். நோயாளி, முதியவர், பசித்தவர், தலைசுற்றல்காரர் எல்லாருக்கும் பொதுவாக இருந்த ஒரு சொல்லை ஒரே கடைக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். அந்தக் கல்லூரி மேடையில் நான் அடித்த ஜோக்கும் அந்தக் கடை வாசலில் நின்று அடித்ததுதான்.

*

மறுநாள் காலை ஏழு மணி. கிருஷ்ணன்கோவில் பஸ் ஸ்டாப். மதுரை பஸ்ஸுக்கு நிற்கிறேன், கையில் டீ.

வத்திராயிருப்பு பக்கத்திலிருந்து வந்த பஸ்ஸிலிருந்து ஒரு பெரியவர் இறங்கினார். அறுபத்தைந்து இருக்கும். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் மஞ்சள் பை. நாலு அடி வைத்தார். ஐந்தாவது அடி பக்கவாட்டில் போயிற்று. போஸ்ட் கம்பத்தைப் பிடித்தார். விட்டார். மறுபடி பிடித்தார். ஏதோ சொன்னார், வாய் குழறியது.

"காலங்காத்தாலயே ஏத்திட்டாரு" என்றார் என் பக்கத்தில் நின்றவர். டீ மாஸ்டர் சிரித்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? காலடியில் இருந்த என் பையை எடுத்துக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். சொற்களைப் பற்றி முந்தின நாள் ஒன்றரை மணி நேரம் பேசினவன்.

பூ கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா எழுந்து போனார். அவரைப் பிடித்து பெஞ்சில் உட்கார வைத்தார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். சட்டை தொப்பலாக வியர்வை. "அண்ணாச்சி, உங்களுக்கு சுகர் இருக்கா?" பெரியவர் தலையை ஆட்டினார். அந்த அம்மா டீ மாஸ்டர் பக்கம் திரும்பி, "ஏ தம்பி, சிரிச்சது போதும். ஒரு தம்ளர் தண்ணில நாலு ஸ்பூன் சீனியப் போட்டுக் கலக்கிக் குடு. எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் வரும்" என்றார்.

கால் மணி நேரத்தில் பெரியவர் முகத்துக்கு ரத்தம் திரும்பியது. வெட்கத்தோடு எல்லாரையும் பார்த்தார். "மாத்திரையப் போட்டுட்டு, பஸ்ஸு போயிரும்னு சாப்பிடாம கிளம்பிட்டேன். இப்பல்லாம் உடம்பு தள்ளல தம்பி" என்றார் என்னிடம்.

ரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், இன்னும் இறங்கினால் பேச்சு குழறும், கால் ஆடும். பார்ப்பதற்கு அச்சு அசலாகக் குடிகாரர். நினைவு இருக்கிறவருக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும். திடீரென்று வரும் தள்ளாட்டம் பக்கவாதத்தின் முதல் அடையாளமாகவும் இருக்கலாம். அங்கே ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. பார்க்கின்சன் நோயாளி, சிறுமூளை பாதித்தவர், உள்காதுக் கோளாறு உள்ளவர் எல்லாரும் தினமும் இந்தத் தெருவில் நம் முன்னால்தான் நடக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேரைப் பார்த்து நாம் பையைத் தள்ளி வைத்தோமோ.

நம்மைவிடச் சட்டம் கவனமாக இருந்திருக்கிறது. மகாராஷ்டிரத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 1971-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மூச்சில் மது வாடை, நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழறல், விரிந்த கண்பாப்பா, இவ்வளவும் இருந்தால்கூட அதை மட்டும் வைத்து ஒருவர் குடித்தார் என்று முடிவு கட்ட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவும் நடையைக் கேட்பதில்லை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கிறதா என்று கருவி வைத்து அளந்து சொல் என்கிறது. நீதிபதிகள் மறுத்த தீர்ப்பை டீக்கடையில் நாங்கள் ஒரே வரியில் கொடுத்தோம். அந்தப் பெரியவரை நாங்கள் மொழிபெயர்த்தோம், தப்பாக.

பூக்கார அம்மாவிடம் அகராதி இல்லை. ஆனால் சொல்லுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி அவரிடம் இருந்தது: ஏன்?

அந்தப் பையனுக்கு ஊருக்கு வந்ததும் கடிதம் எழுதினேன். "தம்பி, மேடையில் நான் சொன்னது பதில் இல்லை, மன்னித்துக்கொள். உன் அகராதியில் அந்த ஐந்து சொற்களுக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒவ்வொரு காரணம் எழுதிவை. தளர்ச்சி, மோதல், சாய்வு, சுற்றல், மழலை. மொழிபெயர்க்கும்போது முதலில் ஆள் ஏன் ஆடுகிறார் என்று பார். பிறகு எந்தப் பக்கம் போகிறார் என்று பார். சொல்லைக் கடைசியில் தேடு. அகராதியில் கிடைக்காவிட்டால் உன் பாட்டியிடம் கேள்."

உங்களுக்கும் அதே வேண்டுகோள்தான். உங்கள் ஊரில், உங்கள் வீட்டில், நேராக நடக்காத நடைக்கு என்னென்ன சொற்கள் இருக்கின்றன? பெரியவர்களைக் கேட்டு ஒரு கார்டில் எழுதி அனுப்புங்கள். அவர்கள் உடம்பு தள்ளுகிற நாளில் கேட்டுவிடுங்கள்.